சிஸ்டம் ஃப்ளாப்பி யார் பெட்டியில் இருந்தது?

சென்னைக்குக் கணினி வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தொடங்குகிறார்கள். ஒன்று, 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை. இன்னொன்று, 2000இல் தரமணியில் திறந்த டைடல் பூங்கா. நடுவே பதினைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் கணினியை அன்றாடம் தொட்டு வேலை வாங்கியவர்களைத் தேடினால், துறைமுகத்தை ஒட்டிய தெருக்களுக்கும் அங்கிருந்து வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் ரயில் பாதைக்கும் போக வேண்டியிருக்கும். அங்கே அவர்களுக்கு 'டைப்பிஸ்ட்' என்று பெயர். பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் தட்டச்சு செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இயந்திரத்தை ஒவ்வொரு காலையும் உயிர்ப்பித்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேச விரும்புகிறது. அதற்கு முதலில் பழைய கணினி எப்படி எழுந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கைபேசியில் வளர்ந்த மாணவிகளுக்கு இது அதிசயமாக இருக்கலாம்.

1980களின் பி.சி.யில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 'ஏ' ட்ரைவில் இருக்கும் ஃப்ளாப்பியின் முதல் 512 பைட்டைப் படி. அது சரியாக இருந்தால் அந்தத் துண்டு, வட்டில் மறைந்திருக்கும் இரண்டு கோப்புகளை நினைவகத்துக்குள் இழுக்கும். அவை கமாண்ட் டாட் காம் என்ற மூன்றாவதை இழுக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டாஸ். 1987இல் வந்த டாஸ் 3.3இல் மூன்றும் சேர்ந்து 78 கேபி அளவு. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் கொள்ளளவோ 360 கேபி. அந்த வட்டு இல்லையென்றால் பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய இயந்திரம், சிஸ்டம் வட்டு இல்லை, மாற்றிப் போட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும்.

காலையில் ஒருமுறை போட்டால் போதும் என்றும் இல்லை. வேர்ட்ஸ்டார் போன்ற பெரிய நிரல் ஓடும்போது கமாண்ட் டாட் காமின் ஒரு பகுதி இருந்த இடத்தை அது எடுத்துக்கொள்ளும். நிரலை விட்டு வெளியே வந்ததும் டாஸ் அந்தப் பகுதியை மறுபடி வட்டிலிருந்து கேட்கும். அதாவது ஒரு நாளில் எத்தனை முறை வேலை மாறுகிறதோ அத்தனை முறை சிஸ்டம் ஃப்ளாப்பி தேவை. வேறு பதிப்பு டாஸின் வட்டைப் போட்டால் பதிப்பு பொருந்தவில்லை என்று மறுக்கும். அலுவலகத்தில் இரண்டு இயந்திரங்கள், ஒன்றில் 3.2, இன்னொன்றில் 3.3 என்றால், எந்த வட்டு எந்த இயந்திரத்துக்கு என்பது ஒரு அறிவு. அந்த அறிவு முதலாளியிடம் இருக்கவில்லை. லேபிள் ஒட்டியவரிடம் இருந்தது.

இந்த லேபிள் ஒட்டிய கைகள் எங்கிருந்து வந்தன? வடசென்னையில் பெண்ணுக்குக் கிடைத்த வேலைகளைப் பட்டியலிட்டால் மீன் விற்பது, இறால் உரிப்பது, கட்டடத்தில் சித்தாள் வேலை, வீட்டு வேலை, தொழிற்சாலைகளில் பேக்கிங் என்று போகும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்ணுக்கு இவற்றிலிருந்து ஒரு படி விலகிய கதவு டைப்பிங் கிளாஸ். அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகள் இங்கிலீஷிலும் தமிழிலும் உண்டு. அந்தச் சான்றிதழ் அரசு வேலைக்கு வழி. கிடைக்காதவர்களுக்குத் தனியார் அலுவலகம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் நான் தட்டச்சு கற்ற இடத்தில், தமிழ் இயந்திரத்தின் முன் 'யளனக' என்று வரிவரியாக அடித்துக்கொண்டிருந்தவர்களில் பையன்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. பையன்களுக்கு ஐ.டி.ஐ. இருந்தது, எண்ணூரில் அசோக் லேலண்ட் இருந்தது. அப்பா வேலை செய்த கம்பெனியில் வாரிசு வேலை என்ற கனவும் மகனுக்குத்தான்.

துறைமுகம் இந்தப் பெண்களைத் தெற்கே இழுத்தது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் தொடங்கியது. சரக்கு ஏற ஏறத் தாள் ஏறியது. ராஜாஜி சாலையின் கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றி, தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் கிளியரிங் ஏஜென்டுகளின் சின்னச் சின்ன அலுவலகங்கள். இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், எல்லாமே பல பிரதிகள், கார்பன் வைத்து அடிக்க வேண்டும். ஓர் எண் தப்பினால் சரக்கு நின்றுவிடும். நின்ற சரக்குக்கு நாளுக்கு நாள் வாடகை ஏறும். ஏஜென்டின் பணம், இறக்குமதியாளரின் நேரம் எல்லாம் ஒரு டைப்பிஸ்டின் விரல் நுனியில் நின்றன. சம்பளத்தில் அது தெரிந்ததில்லை.

இந்த அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்தபோது தட்டச்சு இயந்திரத்தின் இடத்தில்தான் அதை வைத்தார்கள், அதே நாற்காலியில் அதே பெண்ணை உட்கார வைத்தார்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கார்பனோடும் அடித்தது என்பதால் வேலையின் உருவம் பெரிதாக மாறவில்லை. கூடுதலாக வந்தது சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குத் தனிப் பெயரோ தனிச் சம்பளமோ கிடையாது.

என்னென்ன அந்த வேலை? முதலில் படி எடுப்பது. ஒரு ட்ரைவ் மட்டும் உள்ள இயந்திரத்தில் டிஸ்க்காப்பி கொடுத்தால், மூல வட்டைப் போடு, புது வட்டைப் போடு, மறுபடி மூலத்தைப் போடு என்று மாற்றி மாற்றிக் கேட்கும். நினைவகம் சின்னது, ஒரே மூச்சில் 360 கேபியையும் விழுங்க அதனால் முடியாது. கவனம் தப்பி மூலத்தின் மேலேயே எழுதிவிடாமல் இருக்க, ஃப்ளாப்பியின் ஓரத்தில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். மூடினால் எழுத முடியாது. பின்னால் வந்த மூன்றரை அங்குல வட்டில் இது தலைகீழ்: துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. இரண்டு வகையும் ஒரே மேசையில் புழங்கிய காலத்தில் இதை நினைவில் வைத்திருப்பதே ஒரு திறமை.

அந்த ஒட்டுத்தாளுக்கு 1986க்குப் பிறகு இன்னொரு காரணமும் வந்தது. லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற வைரஸ், ஃப்ளாப்பியின் அந்த முதல் 512 பைட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. வட்டு கை மாறும் ஊரெல்லாம் அதுவும் கை மாறியது. வெளியாள் கொண்டுவரும் ஃப்ளாப்பியைத் தன் இயந்திரத்தில் போட விடாமல் தடுத்த டைப்பிஸ்டை, 'ரொம்பத்தான் பிகு பண்றா' என்று சொன்ன அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். இதையே ஓர் ஆண் செய்தால் பொறுப்பான ஆள்.

பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது, 20 எம்பி. அணைப்பதற்கு முன் 'பார்க்' கட்டளை கொடுத்து அதன் முள்ளை ஓரமாக நிறுத்த வேண்டும். எந்த நேரம் கரண்ட் போகும் என்று தெரியாத ஊரில் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஏ.டி. வகை இயந்திரங்களில் ஹார்ட் டிஸ்க்கின் வகை எண்ணை ஒரு சின்ன பேட்டரி நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்தால் எண் மறந்துபோகும், இயந்திரம் தன் வட்டையே அடையாளம் காணாது. அந்த எண்ணை நோட்டில் குறித்து வைத்தவர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை இரண்டு நாள். வந்தவர் அந்த எண்ணைத்தான் போடுவார், பில்லும் போடுவார்.

தமிழில் 'பராமரிப்பு' என்ற ஒரே சொல் குழந்தைக்கும் நோயாளிக்கும் இயந்திரத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் ஆண்டு ஒப்பந்தத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு வரும் இன்ஜினியர் செய்தால்தான் அது பராமரிப்பு. நாள்தோறும் ட்ரைவின் தூசியைத் துடைத்து, ஃப்ளாப்பியைக் கடற்காற்றின் ஈரம் படாமல் டப்பாவில் பூட்டி, மாதம் ஒருமுறை புதுப் படி எடுத்தவர் 'சும்மா உட்கார்ந்து டைப் அடிப்பவர்'. வீட்டில் கேட்டுப் பழகிய வாக்கியம்தான் அலுவலகத்திலும்.

சரி, முதல் வட்டு எங்கிருந்து வந்தது? காசு கொடுத்துப் பெட்டியோடு டாஸ் வாங்கியவர்கள் உண்டு. பெரும்பாலான சின்ன அலுவலகங்களுக்கும் பயிலகங்களுக்கும் அது படியிலிருந்து எடுத்த படி. கணினி நிரலைக் காப்புரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த திருத்தம் 1984இல் செய்யப்பட்டது. கள்ளப் படியைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்ற 63பி பிரிவு 1994 திருத்தத்தில் சேர்ந்து 1995 மே மாதம் அமலுக்கு வந்தது. சட்டப்படி வாங்கியவர் பாதுகாப்புக்குப் படி எடுத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டைப் பற்றி எந்த முதலாளியும் டைப்பிஸ்டிடம் பேசியதில்லை. படி எடு என்றார்கள், எடுத்தார்கள்.

வெளியே போய் வாங்க வேண்டுமானால் ரிச்சி தெரு, அல்லது பர்மா பஜார். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை நிலையத்தை ஒட்டி அமைந்த கடைகள் அவை. குறுந்தகடு வந்த பிறகு எந்த நிரலும் அங்கே கிடைத்தது. ஆனால் பெண்ணுக்கு அந்த நடைபாதை வெறும் கடைத்தெரு அல்ல. அரைக்குரலில் கூப்பிடும் விற்பனையாளர்கள், வேறு விதமான படங்களின் உறைகள், இடிக்கும் கூட்டம். ஆகவே பெண்களுக்கிடையே வட்டு வேறு வழியில் பயணித்தது: ஓர் அலுவலக அக்காவிடமிருந்து இன்னோர் அலுவலகத் தங்கைக்கு, கும்மிடிப்பூண்டி வண்டியின் மகளிர் பெட்டியில், சாப்பாட்டுப் பைக்குள் நோட்டுக்கு நடுவே வைத்து. மடங்கக் கூடாது, காந்தம் படக் கூடாது. கைப்பையின் காந்தப் பொத்தான் பற்றி ஒரு அக்கா எச்சரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எந்த கையேட்டையும் படிக்காமலே அவர் அறிந்து வைத்திருந்தார்.

டாஸ் பிறந்த கதையிலும் ஒரு பெண் ஓரத்தில் நிற்கிறார். அதற்கு முன் சின்னக் கணினிகளை ஆண்ட சிஸ்டம் சி.பி.எம். அதை எழுதியவர் கேரி கில்டால். கலிஃபோர்னியாவில் அவரோடு சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி வணிகத்தை நடத்தியவர் அவர் மனைவி டாரதி மெக்யுவன். 1980இல் ஐ.பி.எம். ஆட்கள் வந்து, பேசத் தொடங்கும் முன்பே ஒருதலைப்பட்சமான ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டபோது, வழக்கறிஞரைக் கேட்காமல் போட மாட்டேன் என்றார். எந்த நிர்வாகியும் செய்யக்கூடிய நிதானமான செயல். பிறகு ஐ.பி.எம். மைக்ரோசாஃப்டிடம் போனது, 1981இல் பி.சி. டாஸோடு வந்தது. அதற்கப்புறம் உலவிய கட்டுக்கதையில் கணவர் விமானம் ஓட்டப் போனதும் மனைவி கையெழுத்து மறுத்ததும் மட்டுமே மிஞ்சின. நிறுவனத்தை வளர்த்த கணக்கு வழக்கு காணாமல் போயிற்று.

இதுவரை சொன்னது ஆங்கில டாஸ். தமிழுக்கு அது போதாது.

தமிழ் தெரிய வேண்டுமானால் 1980களில் சில வழிகள் இருந்தன. கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமி, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு. அரசு அலுவலகங்களுக்கு ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கி சிடாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் கார்டு. ஜிஸ்ட் என்பது இயந்திரத்துக்குள் செருகும் அட்டை. அட்டை இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் கோடும் குறியுமாகத்தான் வரும். விண்டோஸ் வந்ததும் ஒவ்வொரு கடையும் ஒவ்வோர் எழுத்துருவைப் பிடித்துக்கொண்டது. பாமினி என்று ஒன்று. அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் என்று ஒன்று. பெண் பெயர் கொண்ட எழுத்துருக்களில் பெண்கள் அடித்தார்கள், முகப்பில் பெயர் வேறு யாருடையதோ.

பாமினியில் தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையே இருந்ததால் பயிலகத்தில் கற்ற விரல்கள் உடனே பழகிக்கொண்டன. ஆனால் கணினிக்குள் அது தமிழே இல்லை. 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் இந்த ஐந்தும் அப்படியே தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. அரசே யூனிகோடுக்கு மாற 2010 ஆயிற்று. அதற்கு முன் அடிக்கப்பட்ட தமிழ் அனைத்தும் தனக்குரிய எழுத்துருவோடு சேர்ந்தால்தான் தமிழ்.

1925இலிருந்து வை.மு. கோதைநாயகி நடத்திய 'ஜகன்மோகினி' தாளில் இருந்ததால் இன்றும் படிக்கிறோம். 1995இல் ஒரு பெண்கள் குழு ஃப்ளாப்பியில் வைத்த அறிக்கையைப் படிக்க வட்டு பிழைத்திருக்க வேண்டும், ட்ரைவ் வேண்டும், சிஸ்டம் வேண்டும், எழுத்துரு வேண்டும்.

இவற்றில் சிஸ்டம்தான் இன்று எளிது. 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது, பழைய டாஸ் நிரல்கள் பெரும்பாலும் அதில் ஓடும். டாஸின் தொடக்கப் பதிப்புகளின் மூல நிரலை 2014இல் மைக்ரோசாஃப்ட் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது, 4.0ஐ 2024இல் வெளியிட்டது. டாஸ்பாக்ஸ் போன்றவை இன்றைய மடிக்கணினிக்குள்ளேயே பழைய கணினியைப் போலச் செய்து காட்டும். ஒரு காலத்தில் சாப்பாட்டுப் பையில் போனது இப்போது சட்டத்துக்கு உட்பட்டே கிடைக்கிறது. வட்டைப் படிப்பதுதான் கடினம். யு.எஸ்.பி.யில் செருகும் ட்ரைவ் மூன்றரை அங்குலத்துக்கு மட்டுமே. ஐந்தேகாலுக்குப் பழைய ட்ரைவைத் தேடி, கிரீஸ்வீசல் போன்ற இணைப்பு அட்டையோடு சேர்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே போட்டால் ட்ரைவின் முள்ளும் கெடும், அடுத்த வட்டும் கெடும். ஒரே தடவையில் முழு வட்டையும் பிம்பமாக எடுத்துவிட்டு, பிறகு பிம்பத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஜிஸ்ட் கோப்புகளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அதன் இஸ்கி குறியீடு 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக வெளியிடப்பட்டது. அட்டை இல்லாமலே அட்டவணையைப் பார்த்து யூனிகோடுக்கு மாற்றலாம். பாமினிக்கு மாற்றிகள் நிறைய இருக்கின்றன. யாரும் கேள்விப்படாத கடை எழுத்துருக்களில்தான் சிக்கல்.

சட்டமும் ஒரு விசித்திரம் செய்கிறது. 2012 காப்புரிமைத் திருத்தப்படி, லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். ஆனால் நூலகத்திடம் மின்வடிவில் இல்லாத பிரதி ஏற்கெனவே இருக்க வேண்டும். ஃப்ளாப்பி பிறக்கும்போதே மின்வடிவம். தாளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அதற்குக் கிடைக்கவில்லை.

இயந்திரங்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டாம். வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். காயலான் கடை, அங்கே செம்பும் தகடும் பிரித்த பிறகு மிஞ்சியது கொடுங்கையூர் மேடு. மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வருவதற்கு முன்பே முதல் தலைமுறை பி.சி.க்கள் உடைந்து முடிந்துவிட்டன. பிரித்தவர்களிலும் எரித்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். கணினியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே ரயில் பாதையைச் சேர்ந்த பெண்கள்.

எங்கள் பகுதி மீனவப் பெண்களின் சேமிப்புக் குழு ஒன்றின் தகரப் பெட்டியிலிருந்து ஒன்பது ஃப்ளாப்பிகள் வந்தன. எல்லாம் மூன்றரை அங்குலம், 1998 முதல் 2001 வரை. இரண்டு கல்லூரி மாணவிகளும் நானும் சேர்ந்து பிம்பம் எடுத்தோம். மூன்று படிக்கவே இல்லை. ஐந்தில் கோப்புகள் திறந்தன, எழுத்து எந்த எழுத்துருவுக்கும் பிடிபடவில்லை. தெரிந்த மாற்றிகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். பாதி எழுத்து தமிழாகும், மீதி உளறும்.

அந்தப் பட்டியல்கள் வெறும் வரவு செலவு இல்லை. 2004 சுனாமிக்கு முன் கரையில் எந்தெந்தப் பெண்கள் குடியிருந்தார்கள், எந்தத் தெருவில், எத்தனை ஆண்டு என்பது அவற்றில் இருக்கிறது. வீடு ஒதுக்கும்போது இந்தக் கேள்வியில் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒன்பதாவது வட்டில் கோப்புகளோடு எழுத்துருவும் இருந்தது. டி.டி.பி. கடையில் அடித்துக்கொடுத்த பெண், தன் கடை இல்லாவிட்டாலும் திறக்கட்டும் என்று அதையும் சேர்த்துப் படி எடுத்து வைத்திருக்கிறார். அதை நிறுவியதும் மற்ற ஐந்து வட்டுகளும் தமிழில் திறந்தன. உறுப்பினர் பட்டியலில் 'க/பெ' என்ற கட்டம் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரில், தன் தெருவோடு, சேர்ந்த தேதியோடு இருக்கிறார். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றித் தாளில் அச்சிட்டு மூன்று பிரதிகள் கொடுத்தோம். அந்த ஒன்பதாவது வட்டின் லேபிளில் நீல மையில், டைப்பிங் கிளாஸ் பெண்களுக்கே உரிய நேரான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'எழுத்து இதில் உள்ளது. அழிக்க வேண்டாம்.'